அப்பா சொன்ன மொக்கை அடையாளங்கள்

டமடமவென்று முரசு அதிர, அதற்கு மேல் யாரோ தொண்டை கிழிய "விரைவில்!" என்று கத்துவார், அந்தச் சத்தம் கேட்டால் போதும், எங்கள் மயிலாப்பூர் வீட்டில் அம்மா அடுப்பை "சிம்"மில் வைத்துவிட்டு டிவி முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவாள். தியேட்டரில் மாதத்துக்கு ஒரு படம்தான் என்பதால், எந்தப் படத்துக்குப் போவது என்று டிரெய்லரைப் பார்த்துத் தீர்ப்பு சொல்வது அப்பாவின் வேலை.

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடும் அப்பா, துணியைத் தடவிப் பார்த்தே தரம் சொல்கிறவர். டிரெய்லரும் அவருக்கு அப்படித்தான். "காமெடியன் மூணு அறை வாங்கிக்கினான், கத இல்ல." "ஹீரோயின் வாயே தொறக்கல, போச்சு." ஹீரோவுக்குப் பின்னால் கார் வெடித்தால் "ஊத்திக்கும்" என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து போய்விடுவார். ஒருமுறைகூடத் தப்பியதில்லை, சத்தியமாக!

ஒருமுறை அந்தக் கடையிலேயே ஷூட்டிங் நடந்தது. நிஜமான சேல்ஸ்மேனே இருக்கட்டும் என்று அப்பாவையே நிறுத்தி, கதாநாயகியிடம் ஒரு வரி பேச வைத்தார்கள். "இதுலயே மாம்பழக் கலர் இருக்கும்மா, காட்டட்டுமா?" சாப்பிடும்போதும் அதையே சொல்வார், தலை சீவும்போதும் அதையே சொல்வார்.

டிரெய்லர் வந்தது. காமெடியன் மூன்று அறை வாங்கினான், கதாநாயகி வாயே திறக்கவில்லை, கார் வெடித்தது. நடுவில் கண் சிமிட்டும் நேரம், புடவையும் கையுமாக அப்பா! முரசுச் சத்தத்தில் அவர் குரல் அமுங்கிப்போனதைக்கூட நாங்கள் கவனிக்கவில்லை. "ஐயோ, உங்கப்பாடீ!" என்று அம்மா கத்தினாள். நான் தீர்ப்புக்காக அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "நல்லாத்தான் இருக்கும்போல கீது" என்றார். சிரிக்கப்போன அண்ணனின் தொடையில் அம்மா கிள்ளிவிட்டாள்.

முதல் நாள், காலைக் காட்சி, அப்பாவுக்குப் புதுச்சட்டை. கதாநாயகி கடைக்குள் போனாள், பையோடு வெளியே வந்தாள், அவ்வளவுதான். "ரெண்டாவது பாதில வரும்" என்று இடைவேளையில் சொன்ன அப்பா, திரையில் பெயர்கள் ஓடி முடியும்வரை எழுந்திருக்கவில்லை. வெளியே வந்து என் கையைப் பிடித்து ரோட்டைக் கடந்தபோதுதான் பேசினார். "ஒரு அடையாளத்த விட்டுட்டேம்மா. டிரெய்லர்ல வந்தது படத்துல வரலன்னா, அதான் பெரிய மொக்க." அவரே முதலில் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு எந்த டிரெய்லருக்கும் அவர் தீர்ப்பு சொன்னதில்லை.

இப்போது அப்பா இல்லை. அந்தக் கடை இல்லை, அந்தத் தியேட்டர் இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். படமும் எங்கும் கிடைக்கவில்லை, அதைத் தேடுவார்தான் யார்! டிரெய்லரை மட்டும் யாரோ புண்ணியவான் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறார். வேளச்சேரி ரயிலில் நான் அதைப் பார்க்கும்போதெல்லாம் என் மகள் எட்டிப் பார்த்து, "செம மொக்கம்மா, மாத்தேன்" என்பாள். மொக்கைதான், எனக்குத் தெரியாதா? "இருடி" என்கிறேன். இதோ, புடவையும் கையுமாக அப்பா. வாய் அசைகிறது, முரசு அமுக்கிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் அந்த வரியை நானே சொல்லிவிடுகிறேன்.