அமாவாசை வேஷம்

பெரியகுளத்தில் என் மகளின் பள்ளி ஆண்டுவிழா. நிலா தேய்வதையும் வளர்வதையும் நடனமாடிக் காட்டப் போகிறார்களாம். ஒப்பனை அறையிலிருந்து வந்த ரோஸ் பவுடர் வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

கடமலைக்குண்டில் நான் படித்தபோதும் இதே நடனம்தான். எல்லோர் முகத்திலும் அந்தப் பவுடரை அப்பிய அறிவியல் டீச்சர், என் முறை வந்ததும் டப்பாவை மூடினார்.

"உனக்கு எதுக்குடி பவுடர்? நீதான் அமாவாசை."

அமாவாசையன்று நிலாவின் மறுபக்கம் முழுக்க வெளிச்சம் என்று பாடம் நடத்தியவரும் அவர்தான். பள்ளியை விட்டு வரும்வரை எனக்கு அதுவே பெயர். "டீச்சரு தமாசுக்குச் சொன்னாக, விடு ஆத்தா" என்றாள் அம்மா. தமாசாம், தூ!

மகள் ஒப்பனை அறையிலிருந்து துள்ளிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அம்மா, நான்தான் அமாவாசையாம்! எனக்கு மட்டும் பவுடரே வேணாமாம்!"