ராமாமணியின் வரிசை

"ஊதுங்க பார்க்கலாம்" என்கிறார் ராமாமணி.

எதிரே நிற்பவர் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். நிலைப்படியில் தலை இடிக்கும் உயரம். அவர் பள்ளிக்கூடப் பிள்ளைபோல் குனிந்து, தன் தோளுயரம்கூட இல்லாத அந்த அம்மாவின் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து ஊதுகிறார். போலீஸ்காரர்களுக்கு இதற்கு மெஷின் வேண்டும். ராமாமணிக்கு மூக்கு போதும். "ஏலக்கா மென்னுபோட்டு வந்தா எனக்குத் தெரியாதுங்களா? போய் மூஞ்சி கழுவிப்போட்டு வாங்க, சோறு ஆறுது" என்கிறார். குடித்துவிட்டு வந்தவருக்கும் அங்கே சோறு உண்டு. குடிக்கவில்லை என்று பொய் சொன்னவருக்குச் சோற்றோடு திட்டும் உண்டு.

சிங்காநல்லூரில், மூடிக்கிடக்கும் ஒரு மில்லின் பின்சுவரை ஒட்டி நிற்கிறது ராமாமணி நடத்தும் அந்தத் தகரக் கொட்டகை. பகலில் அது ஜெபக்கூடம். இரவில், வீட்டுக்குப் போக முகமில்லாத ஆண்கள் படுத்துக்கொள்ளும் இடம். அதே மில்லில்தான் ராமாமணி நூல் சுற்றினார். மில் மூடியதும் வேலை போன கணவர் குடித்தே போய்ச் சேர்ந்தார். சொந்தக்காரர்கள் தலைமுழுகிவிட்டுத் திரும்பிப் பார்க்கவில்லை. வாரக்கணக்கில் வந்து உட்கார்ந்து அவரைச் சாப்பிட வைத்தவர்கள் டவுன் சர்ச்சுப் பெண்கள். அப்படித்தான் பெருமாளைக் கும்பிடும் தெலுங்கு வீட்டுப் பெண் கிறிஸ்தவரானார். ஞானஸ்நானத்தின்போது எலிசபெத் என்று பெயரை மாற்றச் சொன்னார்கள். மறுத்துவிட்டார். "கர்த்தரு கூப்புட்டது ராமாமணியத்தானுங்க. இப்போப் பேர மாத்துனா, இது யாரோன்னு நெனச்சுக்குவாரு."

கடை திறக்கும் நடுப்பகலில் மதுக்கடை வாசலில் அவரைப் பார்க்கலாம். கையில் பைபிள் இருக்காது, துண்டுப் பிரசுரம் இருக்காது. தூக்குப்போசி நிறையக் கம்மங்கூழ் இருக்கும். வரிசையில் நிற்கிறவர்களிடம் டம்ளரை நீட்டுவார். "வெறும் வயித்துல போகாதீங்க, கொடலு எரிஞ்சுபோகும். இதக் குடிச்சுப்போட்டுப் போங்க." கூழைக் குடித்த பிறகு சிலர் வரிசையைவிட்டு விலகிப் போவதுண்டு. பெரும்பாலோர் போவதில்லை. மறுநாளும் அவர்களுக்கு டம்ளர் நீளும்.

பார் நடத்தும் வேங்கடசாமிக்கு இது எரிச்சல். "ஏனுங்க, வர்றவனையெல்லாம் மதம் மாத்தப் பாக்கறீங்களா?" என்று ஒருநாள் நாலு பேர் கேட்க மடக்கினார். ராமாமணி டம்ளரைக் கழுவிக்கொண்டே பதில் சொன்னார்: "ஒருத்தரக் குடிக்காம ஒரு நா உக்கார வெக்கறதுக்கே எனக்கு மூச்சு முட்டுதுங்க. இதுல மதத்த வேற மாத்த நேரமேதுங்க?"

தெருவே 'டேய்' என்று கூப்பிடுகிற ஆட்களை அவர் ஒருநாளும் ஒருமையில் அழைத்ததில்லை. சாக்கடை ஓரம் விழுந்து கிடப்பவரையும் "ஏனுங்ணா, எந்திரிங்க" என்றுதான் எழுப்புவார். கோபம் வந்தால் 'ங்க' இன்னும் கூடும். அதுதான் அபாய அறிவிப்பு.

இத்தனை முரட்டுப் பெண்மணிக்கு மாதத்தில் ஒரு நேரம் மட்டும் குரல் அடங்கிவிடும். முதல் ஞாயிறு, சபையாருக்கு அப்பமும் பாத்திரமும் கொடுக்கும் திருவிருந்து. பீடத்தின் முன் முழங்காலிட்டு, ஆயர் சாய்க்கும் வெள்ளிப் பாத்திரத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் அருந்துவார். அதை அவர் ஒருபோதும் திராட்சை மது என்று நினைத்ததில்லை. அவருக்கு அது கர்த்தருடைய இரத்தம், அவ்வளவுதான்.

அந்த நம்பிக்கையால்தான் தவறு நேர்ந்தது. பெயின்ட் அடிக்கும் காளிச்சாமி பொங்கலிலிருந்து குடிக்கவில்லை. தானாகவே கேட்டு ஞானஸ்நானம் பெற்றார். முதல் திருவிருந்துக்கு ராமாமணி அவருக்கு வெள்ளைச் சட்டை தேய்த்துக் கொடுத்து, பெருமையோடு பக்கத்தில் முழங்காலிட வைத்தார். பாத்திரத்தில் இருந்தது நன்றாகப் புளித்த ஒயின். ஒரே ஒரு வாய். திரும்பும்போது காளிச்சாமி வழியில் மதுக்கடை தெரிந்ததும் பஸ்ஸைவிட்டு இறங்கிக்கொண்டார். சாயங்காலம் அவர் மனைவி சுப்பாத்தாள் கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, இத்தன வருசமாக் கடைக்காரன் ஊத்திக் குடுத்தான். இப்போ உங்க சாமியும் ஊத்திக் குடுத்துப்போட்டாருங்க."

யார் என்ன சொன்னாலும் பதில் வைத்திருக்கிற ராமாமணி அன்று உள்ளே போய்ச் சிலுவைக்கு முன் நின்று, கடவுளிடமே 'ங்க' போட்டுச் சண்டை பிடித்தார்.

பிறகு தொண்டாமுத்தூரிலிருந்து பன்னீர் திராட்சை வாங்கிவந்து, கொதிக்கவைத்து, வடிகட்டி, ஆயரிடம் கொண்டுபோனார். இதைப் பாத்திரத்தில் ஊற்றினால் போதும், யாருக்கும் கேடில்லை என்றார். ஆயர் நல்லவர், கமிட்டிக்குப் பயந்தவர். கமிட்டியோ, நாலு குடிகாரர்களுக்காக வெள்ளைக்காரர் காலத்து வழக்கத்தை மாற்றுவதா என்று முகம் சுளித்தது. கமிட்டிச் செயலர் ஒரு வழி சொன்னார்: "அவங்க அப்பத்த மட்டும் வாங்கிட்டு எந்திரிச்சுப் போயிடட்டுமேம்மா."

"விருந்துக்குக் கூப்புட்டுப்போட்டு, எலையில உக்காந்தவங்களப் பாதியில எழுப்பறதுங்களா?" என்று ராமாமணி கேட்டார். "எங்க பக்கம் அப்படிப் பழக்கமில்லீங்க."

இனி இந்த ஆட்களை அழைத்து வந்தால் ராமாமணியின் பெயரையும் சபையிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும் என்று செயலர் சொன்னார். நீக்கட்டும் என்று வீறாப்பாகத்தான் வெளியே வந்தார் ராமாமணி. பஸ் நிறுத்தத்தில் அழுதார். சர்ச்சைவிட்டால் அவருக்குப் போக்கிடம் ஏது?

காளிச்சாமியை மறுபடி மீட்டெடுக்க மழைக்காலம் முழுவதும் ஆயிற்று. அடுத்த திருவிருந்து நாளில் அவர் வந்தார். ஆனால் சர்ச்சு வாசலிலேயே செருப்பைக் கழற்றாமல் நின்றுவிட்டார். "அக்கா, நா இங்கயே நின்னுக்கறனுங்க. அந்த வாசம் பட்டாலே தாங்காதுங்க."

"என்ற பக்கத்துல வாங்க. அது உங்ககிட்ட வராது" என்றார் ராமாமணி. எப்படி என்று சொல்லவில்லை.

வரிசையின் தலைப்பில் ராமாமணி முழங்காலிட்டார். அடுத்து காளிச்சாமி, அவருக்கப்பால் மூட்டை தூக்குகிறவர், கொட்டகையிலிருந்து ஞானஸ்நானம் பெற்ற இன்னும் இரண்டு பேர். முன்பெஞ்சிலிருந்து செயலர் பார்த்துக்கொண்டிருந்தார். ஆயர் அப்பத்தைக் கொடுத்து முடித்து, வெள்ளிப் பாத்திரத்தோடு திரும்பி வந்தார். வழக்கம்போல முதலில் ராமாமணியிடம் குனிந்தார். ஒயின் வாசம் எழுந்தது. காளிச்சாமியின் முகம் தானாக அந்தப் பக்கம் திரும்பியது.

ராமாமணி கண்ணை மூடவில்லை. வலது உள்ளங்கையை விரித்துப் பாத்திரத்தின் வாயை மூடினார்.

"நீங்க எடுத்துக்கலாமேம்மா" என்றார் ஆயர், மிக மெதுவாக. பாத்திரத்தை அடுத்த ஆளிடம் நகர்த்தப் பார்த்தார். அது நகரவில்லை. மில்லில் நூல் சுற்றிக் காய்த்த அந்தக் கை அதன்மேல் அப்படியே இருந்தது.