யோகேஸ்வரி தேர்ந்தெடுத்த எஸ்ஜிஎம்எல்

லேசர் பிரிண்டர் சூடாகும்போது கருகிய பிளாஸ்டிக் மாதிரி ஒரு வாடை வரும்... கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் கீழே பூக்கடை, மாடியில் எங்கள் ஆபீஸ். ஜன்னலைத் திறந்தால் மல்லிகை, மூடினால் அந்த வாடை.

தொண்ணூறுகளின் தொடக்கம். செம்பனை எண்ணெய் ஆலைகளின் பாய்லர்களுக்குக் கையேடு எழுதுவது எங்கள் வேலை. நானும் யோகேஸ்வரியும் ஒன்றாகச் சேர்ந்தவர்கள். நான் ரவாங்கிலிருந்து பஸ்ஸில் வியர்த்து வந்து சேர்வேன். பக்கத்துத் தெருக்காரியான அவள், எனக்கும் சேர்த்து நுரை பொங்க ஆற்றிய தே தாரே டீ வாங்கி வைத்திருப்பாள்.

கையேடுகளை இனி கம்ப்யூட்டரில் எந்த முறையில் எழுதலாம் என்று பார்த்துச் சொல்லும்படி மேனேஜர் எங்களிடம் கேட்டார். ஒன்று, எல்லோரும் வைத்திருந்த வேர்ட் பிராசசர். இன்னொன்று, எஸ்ஜிஎம்எல். அதில் எழுத்து தடிமனா, சாய்வா என்ற பேச்சே கிடையாது. இது தலைப்பு, இது செய்முறை, இது எச்சரிக்கை என்று ஒவ்வொன்றுக்கும் குறி போட வேண்டும். ஆபத்தான வேலைக்கு முன்னால் எச்சரிக்கை இருந்தே ஆக வேண்டும் என்று யோகேஸ்வரி அதில் விதி எழுதி வைத்தாள். மேனேஜர் முன்னால் ஒரு எச்சரிக்கையை அழித்தும் காட்டினாள். கம்ப்யூட்டர் பிழை என்று நின்றுவிட்டது.

மேனேஜர் சிரித்தார். "நாம சொல்றத கேக்காத மெஷின் எதுக்கும்மா? கஸ்டமருக்கு பார்க்க அழகா இருந்தா போதும் லா."

"பாஸ், இது அழகு விஷயம் இல்ல. ஆள் உசுரு விஷயம்."

"நீ ரொம்ப யோசிக்கிற."

வேர்ட் பிராசசர்தான் வந்தது. பழைய கையேட்டை வெட்டி ஒட்டிப் புதியது செய்தோம். அப்படிச் செய்ததில் ஒரு பக்கத்தில், வால்வைத் திறக்கும் முன் நீராவியை வெளியேற்றச் சொல்லும் எச்சரிக்கை விடுபட்டுப்போனது. எங்கள் இருவர் கண்ணிலும் படவில்லை. மேனேஜரும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

கிள்ளான் பக்கம் ஒரு ஆலையில் முனியாண்டி என்ற பாய்லர்காரர், கையேட்டில் இருந்தபடியே வால்வைத் திறந்தார். முகமெல்லாம் வெந்துவிட்டது.

விசாரணையில் யார் டைப் செய்தது என்று மட்டும்தான் கேட்டார்கள். அந்தப் பக்கத்தை அடித்தது யோகேஸ்வரி. நான் எழுந்து, "இத தடுக்கத்தானே அவ வேற முறை கேட்டா?" என்றேன். "அது வேற சப்ஜெக்ட், உக்காரு" என்றார் மேனேஜர்.

ராஜினாமா கடிதத்தை அவர்களே அடித்து வைத்திருந்தார்கள். யோகேஸ்வரி கையெழுத்துப் போட்டுவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அழவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. அடுத்த மாதமே நானும் விலகினேன்.

சில வருடம் கழித்து எக்ஸ்எம்எல் வந்தது. அதே யோசனை, புதுப் பெயர். வெளிநாட்டு ஆலோசகர் ஒருவர் சுபாங் ஜெயா ஓட்டலில் விளக்கிப் பேசியதைக் கேட்க நானும் போயிருந்தேன். அதே மேனேஜர், இப்போது டைரக்டர், முன்வரிசையில் உட்கார்ந்து, "இதுதான் ஃபியூச்சர் லா" என்று கைதட்டினார்.

அன்று சாயங்காலமே யோகேஸ்வரிக்கு போன் போட்டேன். அம்பாங்கில் டியூஷன் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் கொதித்துக் கொதித்துச் சொன்னதையெல்லாம் கேட்டாள். பிறகு, "முனியாண்டி அண்ணனுக்கு இப்ப கண்ணு தெரியுதாடி?" என்றாள்.

"ஒரு கண்ணு மட்டும்."

இப்போது நான் இருக்கும் கம்பெனியில் நேற்று வந்த பிள்ளைகள்கூட அப்படிக் குறி போட்டுத்தான் எழுதுகிறார்கள். வேறு முறை இருந்ததே அவர்களுக்குத் தெரியாது... நானும் சொல்வதில்லை. சொன்னால், "அப்ப ஏன் ஆன்டி அன்னைக்கே செய்யல?" என்று கேட்பார்கள்.