அண்ணன் கையோடு கொண்டுபோன கோட்டை

அண்ணன் இல்லாமல் ஓராண்டு ஓடிவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் அவரைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்லிவிட முடியும்? உங்களில் பாதிப்பேர் அவர் தைத்த சட்டையைப் போட்டவர்கள்.

லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் அண்ணன் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மாவின் கொழுந்துக் கூடையை மட்டும் நம்பியிருக்க முடியாமல், படிப்பை விட்டுத் தலவாக்கலையில் தையல் பழகப் போனார். பிறகு சொந்தமாக மெஷின் வாங்கினார், என்னை ஆசிரியை ஆக்கினார், அண்ணியைக் கைப்பிடித்தார். பள்ளிக்கூடம் தொடங்கும் மாதத்தில் வசதி இல்லாத பிள்ளைகளுக்குச் சும்மாவே தைத்துக் கொடுத்துவிட்டு, அண்ணியிடம் வாங்கிக்கட்டிக்கொள்வார்.

செஸ் ஆட்டத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான். அடுத்த மழைக்காலத்துக்குள் என்னையே தோற்கடிக்கத் தொடங்கிவிட்டார். எனக்குத் தோற்கவே பிடிக்காது. அது தெரிந்தும் ஒரு தடவைகூட விட்டுக்கொடுத்ததில்லை.

கடைசி ஞாயிற்றுக்கிழமை ஆடிய ஆட்டத்தில் பலகையில் மூன்று காய்களே மிச்சம். என் கறுப்பு ராஜா, அவருடைய வெள்ளை ராஜா, கடைசி வரிசைக்கு ஒரு கட்டம் குறைவாக நின்ற அவருடைய சிப்பாய். அந்தக் கட்டத்தை எட்டினால் சிப்பாய்க்குப் பதிலாக வேறு காய் எடுக்கலாம். யாராக இருந்தாலும் ராணியைத்தான் எடுப்பார்கள். ஆனால் அங்கே ராணி வந்தால் என் ராஜாவுக்கு செக்கும் இருக்காது, நகர இடமும் இருக்காது, ஆட்டம் சமனாகிவிடும். அதற்காகவே ராஜாவை ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன்.

"ராணிய எடுத்து வைங்கண்ணே, தேத்தண்ணி ஆறுது" என்றேன்.

"இரு புள்ள. நீ அவசரப்படுத்துனா அதுல ஏதோ இருக்கு."

வெகுநேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நெஞ்சைப் பிடித்தார். ஆட்டோ வந்ததும், "யாரும் தொடாதீங்க, வந்து வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினார். நுவரெலியா ஆஸ்பத்திரியில் மறுநாள் போய்விட்டார்.

அண்ணனைக் கிடத்த இடம் வேண்டுமென்று முன்னறைச் சாமான்களை எல்லாம் பக்கத்து வீட்டு லெச்சுமி அக்கா தன் வீட்டுக்கு எடுத்துப்போனார். அடக்கம் முடிந்து அவர் கொண்டுவந்து வைத்த பலகையைப் பார்த்து நான் வாய்விட்டு அழுதேன். காய்கள் எல்லாம் புது ஆட்டத்துக்கு நிற்பதுபோல வரிசையாக நின்றன. ஒரு மூலையில் மட்டும் நூல்கட்டை.

"ஒண்ணு கொறஞ்சிச்சும்மா. அண்ணன் பலகை அலங்கோலமா கெடக்கக் கூடாதுன்னு நூல்கட்டைய வச்சிட்டேன்" என்றார். குறைந்திருந்தது வெள்ளைக் கோட்டை ஒன்று. எங்கேயோ விழுந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அந்த மூன்று காய்களை மறுபடி அதே இடங்களில் வைத்தேன். அண்ணன் என் பொறியைப் பார்த்தாரா, ராணியை எடுத்து ஏமாந்திருப்பாரா? இது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. வேறு எதையும் நினைக்கப் பயமாக இருந்தது. ராணி வைத்தேன், சமன். குதிரை, மந்திரி வைத்தேன், வெல்ல அவற்றுக்குப் பலம் போதாது. சிப்பாயை விட்டு ராஜாவை நகர்த்தினேன், ஆட்டம் சட்டென்று முடியவில்லை. கடைசியில் வேண்டாவெறுப்பாக, காணாமல்போன கோட்டைக்குப் பதிலாக நூல்கட்டையை வைத்தேன். என் ராஜாவுக்கு ஒரே ஒரு கட்டம் திறந்தது. அதில் போய் நின்றால் அடுத்த நகர்வில் கோட்டை வந்து மடக்கிவிடும். ராணியால் முடியாதது கோட்டையால் முடிந்தது.

கருமாதிக்கு முதல்நாள், ஆஸ்பத்திரியில் கொடுத்த பையை அண்ணி பிரித்தார். சுவெட்டர் பையில் கைவிட்டவர், "இது என்னா இது?" என்றார். வெள்ளைக் கோட்டை.

அண்ணன் கண்டுபிடித்துவிட்டார். நான் எடுத்து ஒளித்துவிடுவேன் என்று கையோடு கொண்டுபோயிருக்கிறார். திரும்பி வந்துவிடுவோம் என்று நம்பியிருக்கிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மூடுபனியில் ஆட்டோ ஓட்டிய தம்பிக்கும், கடைசிவரை பார்த்த டாக்டர்மார், தாதிமாருக்கும், அடுப்பு மூட்டவிடாமல் எங்களுக்குச் சோறு போட்ட லயத்துச் சனத்துக்கும், தோள் கொடுத்த எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. லெச்சுமி அக்கா, நீங்கள் அடுக்கி வைக்காவிட்டால் கோட்டை குறைந்தது யாருக்கும் தெரிந்திருக்காது.

அந்தக் கோட்டையை அண்ணனுக்காக அண்ணியே அதன் கட்டத்தில் வைத்தார். அன்றிலிருந்து ஆட வேண்டியது நான். போக ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. போனால் ஆட்டம் முடிந்துவிடும். மன்னிச்சிடுங்கண்ணே, ஒரு வருசமாக நான் இன்னும் நகர்த்தவில்லை.