டம்ளருக்குள் ஒரு கரப்பான்

எங்கள் வீட்டு அரோவானா மீனுக்குத் தீனியாக, மாடிப்படிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் டூபியா என்ற வெளிநாட்டுக் கரப்பான்கள் வளர்க்கிறேன். பெரிய மார்க்கெட் முட்டைக்கடையில் கேட்டு வாங்கிய முட்டை அட்டைகள்தான் அவற்றுக்கு வீடு. தவிடும் கேரட்டும் சாப்பாடு. ஒன்று வெளியே வந்தாலும் மொத்தத்தையும் கொட்டிவிடுவேன் என்று அம்மா முதல் நாளே சொல்லிவிட்டாள்.

ஒருநாள் காலையில் சமையலறையிலிருந்து சத்தம். "உன் செல்லம் அடுப்பு மேல உலாத்துதுடீ!" போய்ப் பார்த்தால், ஒரு கரப்பான் மேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"இது என்னுது இல்லம்மா. என்னுதுக்குக் கண்ணாடியில ஏறத் தெரியாது."

"மாட்டுன எல்லாத் திருடனும் இப்படித்தான் சொல்லுவான்."

ஓடிப்போய் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துவந்து வேறொரு டம்ளரில் விட்டேன். அது கண்ணாடியில் காலை வைத்தது, வழுக்கியது, மறுபடியும் வைத்தது. அம்மாவின் கைதியோ விறுவிறுவென்று ஏறி, உச்சியில் தலைகீழாக நின்று மீசையை ஆட்டியது.

அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "சரி, இது உன்னுது இல்ல, நம்ம வீட்டுதுதான்" என்று துடைப்பத்தைத் தேடினாள்.

மத்தியானம் கேரட் தோலை அவளே கொண்டுபோய் டப்பாவில் போட்டாள். "பாவம், ஏறக்கூடத் தெரியல."