கட்டிக் காட்டச் சொன்னவர்

கிடங்கில் நம்மவருக்குப் பட்டப்பெயர் 'செஞ்சு காட்டு'. வருகிற சரக்கைச் சரிபார்ப்பது அவர் வேலை. நாற்காலி வந்தால் கொண்டுவந்த ஆளே உட்கார்ந்து காட்ட வேண்டும். ஏணி வந்தால் உச்சிவரை ஏறிக் காட்ட வேண்டும். அப்புறம்தான் கையெழுத்து. வீட்டிலும் அதே கதைதான். "மாத்திரை கொடுத்தாக்கூட முதல்ல நீ முழுங்குன்னு சொல்ற மனுஷன்" என்பாள் மனைவி.

அப்படிப்பட்டவரும் ஒரு தடவை ஏமாந்தார். ஆசை ஆசையாய் வாங்கிய பெரிய கம்பெனி வாட்ச் ரெண்டே நாளில் நின்றுபோனது, சுத்தப் போலி. ஒரு வருஷம் கிடங்கில் பார்க்கிறவனெல்லாம் "சார், மணி என்ன?" என்று கேட்டே மானத்தை வாங்கினான். ஆனாலும் ஆசை விடவில்லை. இன்னொரு தரம் ஏமாந்தால் கிடங்கில் தலைகாட்ட முடியாது என்பதும் அவருக்குத் தெரியும்.

பழைய வாட்ச் விற்பனைக்கு என்ற விளம்பரத்தைப் பார்த்துப் போனது ஒரு பல் டாக்டர் வீட்டுக்கு. முன்னறையில் வைத்தியம் பார்க்கும் நாற்காலியைப் போர்வை போட்டு மூடியிருந்தார்கள். டாக்டர் வலது கையால் வாட்சை மேஜைமேல் வைத்தார். இடது கை பேன்ட் பாக்கெட்டிலேயே இருந்தது. முள் நகரவில்லை.

"நல்லா ஓடுதுன்னு போட்டிருந்தீங்களே?"

"ஆட்டோமேட்டிக் சார். பேட்டரி கிடையாது. கட்டியிருக்கிற கை அசைய அசையத்தான் ஓடும்."

பில் இருந்தது, பெட்டி இருந்தது. விலையோ பாதிக்கும் கீழே. அதுதான் நம்மவருக்குச் சந்தேகம். இவ்வளவு நல்ல சரக்கை எவன் சும்மா தூக்கிக் கொடுப்பான்? பாக்கெட்டை விட்டு வெளியே வராத அந்தக் கையும் அவருக்குப் பிடிக்கவில்லை.

"அப்ப நீங்களே கட்டிக் காட்டுங்க. அரைமணி நேரம் ஓடட்டும். நான் உட்கார்ந்திருக்கேன்."

"நீங்க கட்டிப் பாருங்களேன்."

ஆள் மழுப்புகிறார், பிடித்துவிட்டோம் என்று நம்மவருக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட. குரலை உயர்த்தினார். "விக்கிறவர் கையிலேயே ஓடாதது என் கையில எப்படி சார் ஓடும்?"

டாக்டர் வலது கையால் இடது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். வைத்த இடத்திலேயே அது கிடந்தது.

"வாதம் வந்து பத்து மாசமாச்சு. நானும் தினம் இந்தக் கையில கட்டித்தான் பார்த்தேன். ஓடலை."

நம்மவருக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. வாட்சை எடுத்துத் தன் கையில் கட்டினார்.

"ஓடுதா?" டாக்டர் எட்டிப் பார்த்தார்.

ஓடியது. அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.