சிராங்கூன் ரோட்டில் முட்டைக்கோஸுக்குக் குளிர்காலம்

போன சனிக்கிழமை சாயங்காலம் சிராங்கூன் ரோட்டில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்தேன். மடியில் கோணியில் சுற்றிய ஐஸ் கட்டி. மரத்தூளையும் மீறி உருகி, வேட்டி வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. மளிகைக்கடை இஸ்மாயில் மரைக்காயர் கடையைவிட்டு இறங்கி வந்து வண்டியை நிறுத்திவிட்டார். நாகூர்க்காரர். பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை ஒரு வாரம்கூட விடாமல் படிப்பவர். அதனாலேயே அவரைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம்.

"என்ன தம்பி, வீட்டுல யாருக்காச்சும் காய்ச்சலா?"

"காய்ச்சல் இல்லைங்க. கோஸுக்கு."

"என்னது?"

"முட்டைக்கோஸுங்க. செடிக்கு..."

மரைக்காயர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ரிக்‌ஷாக்காரர் பக்கம் திரும்பி, பார்த்து மெதுவாகக் கூட்டிக்கொண்டு போகும்படி மலாயில் சொன்னார். நோயாளியை ஏற்றிப் போகிறவரிடம் சொல்கிற அதே குரல்!

அவர் மேல் தப்பில்லை. விஷயத்தை முழுதாகக் கேட்டால் நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள்.

என் மனைவி சௌந்தரம் ஊட்டிக்காரி. என் மாமனார் அங்கே ஒரு துரையின் பங்களாவில் தோட்ட மேஸ்திரி. நாமெல்லாம் தவழ்ந்தபோது மண்ணைத் தின்றோம் என்றால், அவள் கோஸ் பாத்திக்குள் தவழ்ந்தவள். கல்யாணமாகி இங்கே சிங்கப்பூருக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இப்போது ஏழாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது நம் வழக்கம் இல்லையா? அவளுடைய அண்ணன் கப்பலேறி வந்து, வளைகாப்பு முடிந்ததும் அழைத்துப் போவதாக ஏற்பாடு.

வழக்கமெல்லாம் சரி. போனவள் திரும்பி வருவாளா?

எங்கள் சந்திலேயே பார்க்கிறேன். 'பிள்ளை கொஞ்சம் பெரிசாகட்டும்' என்று ஊரிலிருந்து காகிதம் வரும். பிள்ளை பெரிசாகும். பள்ளிக்கூடம் போகும். இங்கே அப்பா தானே பொங்கித் தானே தின்றுகொண்டிருப்பார். நான் பயந்துவிட்டேன். ஆபீஸிலிருந்து திரும்பும்போது ஜன்னலில் விளக்கு தெரிகிற வீட்டுக்குப் பழகிவிட்டேன். இதை அச்சில் எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உண்மை.

மூன்றாம் மாதத்தில் ஒருநாள், "ஊருக்குப் போய்த்தான் ஆகணுமா?" என்று மெல்ல இழுத்தேன். அவள் ஊட்டியிலிருந்து துணியில் முடிந்து கொண்டுவந்த விதைகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்தாள்.

"இந்த மண்ணுல ஒரு கோஸு தலை கட்டட்டும். அப்ப நானும் இங்கேயே பெத்துக்கறேன்."

விளையாட்டுக்குச் சொன்ன பேச்சு. ஆனால் நான் குமாஸ்தா ஆயிற்றே... மேலிடத்தில் தும்மினாலும் அதை ஆர்டராக எடுத்துக்கொண்டு பழகியவன். மறுநாளே வேலையை ஆரம்பித்துவிட்டேன்.

மண்ணெண்ணெய் டின்னை நீளவாக்கில் வெட்டி, மக்கின இலையும் மணலும் கலந்து நாற்று விட்டேன். நாலு இலை வந்ததும் பின்வாசல் பாத்தியில் ஒன்றரை முழத்துக்கு ஒன்றாக நட்டேன். எருவுக்குப் பஞ்சமா? சுற்றிலும் மாட்டுக் கொட்டகைகள். எங்கள் பேட்டையில் காற்றிலேயே பாதி எருதான். புழுவுக்குச் சாம்பல், தண்டைச் சுற்றி மண் அணைப்பு. எல்லாவற்றையும் சௌந்தரம் முக்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் செய்தேன்.

நட்ட அன்றைக்குச் சாயங்காலம் அவள் ஒரு கை வைக்கோலைக் கொண்டுவந்து நாற்றுகளின் மேல் பரப்பினாள்.

"இது எதுக்கு?"

"பனி விழுந்தா கருகிடும்ல?"

சிங்கப்பூரில் பனி! விசிறியைக் கீழே வைத்தால் முதுகில் ஆறு ஓடுகிற ஊரில்! சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் வைக்கோலைச் சரிசெய்கிறவன் போலக் குனிந்துகொண்டேன்.

செடிகள் வளர்ந்தன. இலை விட்டன. ஆனால் விரித்த கையை மடக்குவேனா என்கிறது ஒவ்வொன்றும்! சௌந்தரத்திடம் விசாரித்தேன்.

"குளிர் பட்டாத்தாங்க நடு இலை சுருண்டு தலை கட்டும்" என்றாள்.

குளிர்தானே? ஊரில் ஐஸ் ஃபாக்டரி எதற்கு இருக்கிறது? ஐந்தாம் மாதத்திலிருந்து வாராவாரம் சனிக்கிழமை ஒரு கட்டி ஐஸ். உடைத்து, செடிகளைச் சுற்றி வைத்து, மேலே வைக்கோல் மூடினேன். அரைமணி நேரம் எங்கள் பின்வாசலில் ஊட்டி இருக்கும். பிறகு அது சாக்கடைப் பக்கம் ஓடிவிடும்.

"பாவம், நெசமாவே குளிர்காலம் வந்துடுச்சுன்னு நினைச்சுக்கும்" என்பாள் சௌந்தரம், செடிகளைப் பார்த்து.

தலை கட்டவில்லை. அதுகூடப் பரவாயில்லை, இருக்கிற இலையும் குறைய ஆரம்பித்தது! புழுவா? சாம்பலை இரட்டிப்பாக்கினேன். கோழியா? வேலி கட்டினேன். மூன்றாம் வீட்டுக்காரரின் ஆடா? போய்ச் சண்டை போட்டேன். ஆடு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றது.

இந்தத் திங்கட்கிழமை ஆபீஸில் தலைவலி தாங்காமல் மத்தியானமே லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். பின்வாசலில் பேச்சுக்குரல். எட்டிப் பார்த்தால், சௌந்தரமும் ஹலிமா அக்காவும். ஹலிமா அக்கா பக்கத்து வீட்டு மலாய்க்காரர். மருத்துவச்சி. எங்கள் சந்துப் பிள்ளைகளில் பாதி அவர் கையில் பிறந்தவைதான். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கிண்ணம் பெலாச்சான் சம்பல். இறால் விழுதும் மிளகாயும் சேர்த்து அரைத்த அந்தச் சமாசாரத்தின் வாசனை தெருமுனைவரைக்கும் போகும்.

சௌந்தரம் மெதுவாகக் குனிந்தாள். என் கோஸின் இலையைக் கிள்ளினாள். சம்பலில் புரட்டினாள். வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

கிள்ளியது நடு இலை! தலை கட்ட வேண்டிய இலை!

"சௌந்தரம்!"

"ஐயா வந்தாச்சு லா..." என்று ஹலிமா அக்கா கிண்ணத்தை அப்படியே விட்டுவிட்டு நழுவினார்.

எனக்கு வந்தது கோபம் இல்லை. அதைவிட மோசமான ஒன்று. ஆக, இவளுக்கு ஊருக்குப் போக வேண்டும்... என்னிடம் சொல்ல வாய் வராமல் தினமும் ஒரு இலையாகக் கிள்ளிக்கொண்டிருக்கிறாள்!

"போறேன்னு நேராச் சொல்லியிருக்கலாமே. நான் பாட்டுக்கு ஐஸ்..."

அவள் திருதிருவென்று விழித்தாள். "எங்கே போறேன்?"

"ஊருக்கு. கோஸு தலை கட்டினாத்தானே இருப்பேன்னே?"

"அட கடவுளே! அதையா இன்னும் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க?" வாயைத் துடைத்துக்கொண்டாள். "வரும்போது கப்பல்ல அத்தனை நாளும் வாந்தி. இந்த வயித்தோட மறுபடி ஏறுவேனா? நீ வர வேணாம்னு அண்ணனுக்கு அஞ்சாம் மாசமே காகிதம் போட்டுட்டேன். ஹலிமா அக்கா பாத்துக்கறேன்னுட்டாங்க. மசக்கையில என்னத்தைத் தின்னாலும் நிக்கலை, இந்த எலையும் சம்பலும்தான் நின்னுச்சு. அதே பழகிடுச்சு."

"அஞ்சாம் மாசமே முடிவு பண்ணிட்டியா? என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்க எங்கே கேட்டீங்க? செடியையேல்ல பாத்துக்கிட்டு இருந்தீங்க!"

இங்கேதான் நாம் மாட்டிக்கொள்கிறோம், ஐயா. பெண்டாட்டி போட்ட நிபந்தனையை நிறைவேற்ற உயிரைக்கூடக் கொடுப்போம். அந்த நிபந்தனை இன்னும் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டோம். அதற்குப் பதில் ஆட்டோடு சண்டைக்குப் போவோம்!

கோஸ் தலை கட்டாததற்கு வெயில் காரணமா, அவள் விரல் காரணமா? தெரியவில்லை. தெரிந்துகொள்கிற ஆசையும் போய்விட்டது. ஆனால் ஒன்று மட்டும் ஆறவில்லை.

"சரி, ஐஸ் வாங்காதீங்கன்னாவது சொல்லியிருக்கலாம்ல?"

சௌந்தரம் குனிந்தாள். கிண்ணத்தை எடுத்தாள். ஒரு தட்டால் மூடினாள்.

"கல்யாணமாகி இத்தனை நாள்ல, எனக்குன்னு நீங்க ஒண்ணைத் தூக்கிட்டு வந்தது இதுதாங்க முதல் தடவை. நிறுத்தச் சொல்ல மனசு வரலை."

ஒன்றரை வருஷத்தையும் மனசுக்குள் புரட்டிப் பார்த்தேன். ஒரு முழம் பூ? ஒரு பொட்டலம் அல்வா? ஊஹூம்... அவள் சொன்னது சரிதான்.

நாளைக்குச் சனிக்கிழமை. ஐஸ் வாங்க இனி எந்த அவசியமும் இல்லை.

வாங்கத்தான் போகிறேன்.